கத்தோலிக்கக் குழந்தைகளும் இயற்கை ஆவணப்படங்களும்

பரிணாமம் பேசும் ஆவணப்படங்களைக் கத்தோலிக்கப் பிள்ளைகள் பார்ப்பது திருஅவையின் போதனைக்கு விரோதம் என்று ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார், பலரும் பகிர்கிறார்கள். அப்படி ஒரு தடை இல்லை, சகோ.

1950இலேயே திருத்தந்தை (போப்) பன்னிரண்டாம் பயஸ், 'ஹியூமானி ஜெனரிஸ்' சுற்றுமடலில், மனித உடலின் தோற்றம் குறித்துப் பரிணாம நோக்கில் ஆராய இடம் கொடுத்தார். ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. 1996இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பரிணாமக் கோட்பாடு வெறும் கருதுகோள் நிலையைத் தாண்டிவிட்டது என்றே சொன்னார். (மற்ற சபைகளில் சில இதில் வேறு நிலைப்பாடு கொண்டவை. இங்கே பேச்சு கத்தோலிக்கர்களைப் பற்றியது.)

கலாபகஸ் தீவுகளின் கடல் இகுவானா என்ற பெரிய பல்லி நீருக்குள் மூழ்கிப் பாசி மேய்ந்து, கரையேறி மூக்கு வழியே உப்பைப் பீய்ச்சுகிறது. அதை வாய்பிளந்து பார்க்கும் பிள்ளையிடம் டிவியை அணைக்கச் சொல்ல, திருஅவையின் பெயரை இழுக்க வேண்டியதில்லை.

நீங்களே பார்க்கலாம்: கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூல், எண் 283. பிரபஞ்சத்தின் வயது, உயிர்வகைகளின் வளர்ச்சி, மனிதனின் தோற்றம் பற்றிய அறிவியல் ஆய்வுகள் நம் அறிவை வளப்படுத்தியிருப்பதாக அங்கே இருக்கிறது. வாடிகன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். எந்த மொழிப் பதிப்பை எடுத்தாலும் பத்தி எண் அதேதான்.