அந்தத் துண்டை அவன் கையிலேயே விட்டிருக்கக் கூடாதா?

பழம் தின்னாத பிள்ளை ஒன்று வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் ஏன்தான் கை பரபரக்கிறதோ! உங்கள் வீட்டிலும் இப்படித்தானா? எனக்கு நேற்றிலிருந்து மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

என் பையனுக்கு நாலு வயது. வாழைப்பழம் வழவழ என்கிறது, கொய்யாவில் கொட்டை, சப்போட்டா நறநற, பப்பாளி என்றால் வாசனையே ஆகாது. அவனைப் பப்பாளிப் பக்கம் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பழத்தைப் பாதியாக அறுத்து, கையில் ஒரு கரண்டியைக் கொடுத்து, விதையை மட்டும் வழித்தெடுக்கச் சொன்னேன். அந்தக் கறுப்பு விதைகள் விரலிடுக்கில் நழுவுவது அவனுக்குப் பிடித்துப்போனது. அப்புறம் ஒரு நாள், கையில் ஒட்டிய சாற்றை அவனாகவே நக்கினான். நான் வாயே திறக்கவில்லை. "நல்லா இருக்காடா" என்று கேட்டால் அன்றோடு முடிந்தது கதை.

நேற்று நகக்கண் அளவில் ஒரு துண்டு, அதன் மேல் ரெண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு, அவ்வளவுதான் தட்டில் வைத்தேன். அவனே எடுத்தான். மோந்து பார்த்தான், கீழே வைத்தான், திரும்ப எடுத்தான், முன்பல்லால் லேசாகக் கீறினான். முகம் சுளிக்கவில்லை! சோபாவில் இருந்த பெரியத்தைக்கு அது பொறுக்கவில்லை.

"ஏம்மா, இதுக்குப் போயா இப்படிக் காத்துக் கெடக்குற? வாயில போட்டா முழுங்கிட்டுப் போறான்."

நான் "வேண்டாம் பெரியத்தை" என்று எழுவதற்குள் அவருடைய இடது கை பிள்ளையின் இரண்டு கன்னத்தையும் அமுக்கிவிட்டது. வலது கையில் அந்தச் சின்னத் துண்டுகூட இல்லை, பெரியவர்களுக்கு நறுக்கி வைத்த கிண்ணத்திலிருந்து எடுத்த பெரிய துண்டு. திணித்தார். அவன் தலையை ஆட்டினான், விடவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது, விடவில்லை. கடைசியில் காலையில் தின்ற இட்லி வரைக்கும் எல்லாம் வெளியே வந்தது. "கொழுப்பு, வேற ஒண்ணுமில்ல" என்றார். பிள்ளை வாந்தி எடுத்து நடுங்கிக்கொண்டு நிற்கிறான், அதற்குப் பெயர் கொழுப்பாம்!

இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புதுச் சாப்பாட்டைக் கண்டு பிள்ளைகள் பின்வாங்குவது இயல்பு. பிடிக்காத ஒன்றை எட்டு, பத்து, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து தடவை கூடக் கண்ணில் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், வற்புறுத்தாமல். வற்புறுத்தினால் அந்தப் பண்டத்தின் மேல் வெறுப்புத்தான் வளரும். என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது நம் பொறுப்பு, தின்பதா வேண்டாமா, எவ்வளவு என்பது அவன் பாடு. இதைச் சொன்னால் "நாங்கல்லாம் நாலு பெத்து வளர்க்கலையா" என்று வந்துவிடும்.

அதோடு விட்டாரா? பையிலிருந்து ஒரு மாம்பழ ஜூஸ் பாக்கெட்டை எடுத்து உறிஞ்சுகுழலைக் குத்தி, "இதையாவது குடிக்கட்டும், இதுவும் பழந்தானே" என்று கையில் கொடுக்கிறார். பழமா அது? அந்த மாதிரி பழ பானத்தில் பத்து சதவீதம் பழம் இருந்தாலே நம் நாட்டுச் சட்டத்துக்குப் போதும், மீதி தண்ணீரும் சர்க்கரையும். கெட்டியாகச் சுண்டவைத்த சாற்றில் திரும்பத் தண்ணீர் கலந்து செய்த சாற்றின் மேல்கூட நூறு சதவீதம் பழச்சாறு என்று போடக்கூடாது என 2024 ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட வேண்டி வந்தது. அசல் சாறாகவே இருந்தாலும் இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு 180 மில்லிக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள். துப்பினால் திட்டு, சர்க்கரைத் தண்ணீருக்குக் கொஞ்சல். பழத்தைப் பற்றி அந்தப் பிள்ளை என்ன கற்றுக்கொள்வான்?

இன்று காலை கத்தியும் பலகையும் எடுத்ததைப் பார்த்தே கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டான். நான் நறுக்கப் போனது வெண்டைக்காய்! இனி விதையிலிருந்து, இல்லை, அதற்கும் முன்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பிப்பேன். ஆனால் இவரோ "பெரியவங்க, விடு" என்கிறார். ஏன் விட வேண்டும்? பெரியவர்களின் கன்னத்தை அமுக்கி யாராவது பாகற்காயைத் திணித்தால் சும்மா இருப்பார்களா?

அப்புறம், போன பொங்கலுக்குப் பெரியத்தை என்னிடம் வாங்கிக்கொண்டு போன என் மூன்றடுக்கு டிபன் கேரியர் இன்னும் வீடு வந்து சேரவில்லை. அம்மா வீட்டுச் சீர் அது. அதைக் கேட்டாலும் "பெரியவங்க, விடு" தான்!