விண்டோவை மட்டும் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள்

ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று நம் கரையோரத்தில் ஜெராக்ஸ் கடையும் பிரவுசிங் சென்டரும் நடத்துகிற அண்ணன் தம்பிகளுக்கும் அக்காமார்களுக்கும் இதை எழுதுகிறேன். நானும் அதே தொழிலில் இருப்பவன்தான். திரையில் தெரிவதை பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லி யாராவது வந்தால், அவர்களுக்கு வேண்டிய விண்டோவை மட்டும் பிடித்து பிரிண்ட் போடுங்கள். முழுத் திரையையும் போடாதீர்கள். போனில் மானிட்டரை போட்டோ எடுத்து அதை பிரிண்ட் போடும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

போன மீன்பிடித் தடைக்காலத்தில் கடல்பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவர் கடைக்கு வந்தார். வேறொரு கடையில் எடுத்த தாளைக் கொடுத்து, காப்பி வேண்டும் என்றார். நிவாரண விண்ணப்பத்தின் நிலையைக் காட்டும் பக்கம் அது. முழுத் திரையையும் அப்படியே பிடித்து, குறுக்கி, தாளின் நடுவில் போட்டிருந்தார்கள். மேலே பிரவுசர் டேப்கள், கீழே டாஸ்க்பார். வலது ஓரத்தில் வாட்ஸ்அப் விண்டோ பாதி திறந்திருக்கிறது, அதற்குள் ஒரு பையனின் பாஸ்போர்ட் முதல் பக்கம். பெயர், எண், பிறந்த தேதி எல்லாம் படிக்க முடிகிறது.

"அக்கா, இது யாரு, உங்க மகனா?"

"எனக்குத் தெரியாதுப்பா. கடையில குடுத்தாங்க, வாங்கிட்டு வந்தேன்."

அந்தத் தாளோடு அவர் ஒரு அலுவலகத்துக்குப் போய், விண்ணப்ப எண் தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு வந்திருக்கிறார். அவருடைய எண் யாருக்கும் தெரியவில்லை, முன்பின் அறியாத ஒரு பையனின் பாஸ்போர்ட் எண் ஊரெல்லாம் சுற்றுகிறது. வெளிநாட்டுக்குப் போகக் காத்திருக்கும் பிள்ளைகள் நம் கரையில் எத்தனை பேர்! அவர்கள் நம்மை நம்பித்தானே பாஸ்போர்ட்டை அனுப்புகிறார்கள்? இதைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

முதலில் ஒன்று. அந்தத் தளமே பிடிஎஃப் கொடுத்தால் அதை இறக்கி பிரிண்ட் போடுங்கள், அதைவிடத் தெளிவாக எதுவும் வராது. ஆனால் பல தளங்கள் கொடுப்பதில்லை. பிரவுசரின் பிரிண்ட் பட்டனை அமுக்கினால் அட்டவணை பாதியில் வெட்டுப்படும், வரைபடம் இருந்த இடம் வெள்ளையாக வரும், பணம் கட்டிய பக்கத்தை மறுபடி ஏற்றினால் வெளியே தள்ளிவிடும். அப்போது கண்ணுக்குத் தெரிவதை அப்படியே பிடிப்பதுதான் வழி. அதற்கு நான் டெர்மினலைத்தான், அதாவது கமாண்டைத் தட்டச்சு செய்து வேலை வாங்கும் விண்டோவைத்தான், நம்புகிறேன்.

2011இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த லேப்டாப்கள் இன்னும் நம் ஊர்களில் கிடக்கின்றன. விண்டோஸுக்குப் பதிலாக, பழைய மெஷினிலும் ஓடும் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டால் இந்த வேலைக்கு அதுவே போதும். அதில் திரையில் விண்டோக்களைக் காட்டும் வேலையை எக்ஸ் விண்டோ சிஸ்டம் செய்கிறது என்றால் எக்ஸ்டபிள்யூடி என்ற கமாண்ட் இருக்கும், இல்லாவிட்டால் நிறுவிக்கொள்ளலாம். 1984இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய எக்ஸ் குடும்பத்தின் கருவி இது. கமாண்டை அடித்து என்டர் தட்டினால் மவுஸ் அம்பு கூட்டல் குறியாக மாறும். எந்த விண்டோ வேண்டுமோ அதன் மேல் ஒரு கிளிக். பிடிக்கத் தொடங்கும்போது ஒரு மணி ஒலிக்கும், முடிந்ததும் இரண்டு. மணி சத்தம் அணைத்து வைத்திருந்தால் கேட்காது, அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கும் வாட்ஸ்அப்போ டாஸ்க்பாரோ அதில் வராது. ஒரே எச்சரிக்கை: வேண்டிய விண்டோவின் மேல் வேறொன்று ஏறிக்கொண்டிருந்தால் அந்தப் பகுதியும் சேர்ந்து வரலாம். ஆகவே முதலில் அதை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

பிடித்ததை எக்ஸ்பிஆர் என்ற கமாண்டுக்குத் தள்ளினால், அது பிரிண்டருக்கான போஸ்ட்ஸ்கிரிப்ட் வடிவமாக மாற்றிக் கொடுக்கும். அதை எல்பி என்ற கமாண்டுக்குத் தள்ளினால் பிரிண்டருக்குப் போய்விடும். மூன்றையும் நடுவில் செங்குத்துக் கோடு போட்டு ஒரே வரியில் எழுதலாம். எக்ஸ்பிஆரில் ஹெடர் என்று ஒரு வசதி உண்டு, தாளின் தலையில் நாம் கொடுக்கும் வரியை அச்சிடும். நான் அதில் தேதியையும் நேரத்தையும் தானாக வரும்படி வைத்திருக்கிறேன். "இது எப்ப எடுத்தது?" என்று கவுன்டரில் கேட்டால், அந்த அக்காவால் தாளைக் காட்டிப் பதில் சொல்ல முடியும்.

கலர் விண்டோவை எக்ஸ்பிஆர் சும்மா விட்டால் கறுப்பு, வெள்ளை என்று இரண்டாக மட்டும் பிரித்துவிடும். கிரே என்ற ஆப்ஷனை 2, 3, 4 என்று ஏதாவது ஒரு எண்ணோடு கொடுத்தால்தான் சாம்பல் நிறங்கள் வரும். படம், கையெழுத்து இருக்கும் பக்கத்துக்கு நான் இமேஜ்மேஜிக் என்ற பட மென்பொருளின் இம்போர்ட் கமாண்டை எடுத்துக்கொள்வேன். அதிலும் கிளிக் செய்துதான் விண்டோவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைப் பிஎன்ஜியாகச் சேமியுங்கள், ஜேபெக் வேண்டாம். ஜேபெக்கில் எழுத்தின் ஓரமெல்லாம் அழுக்குப் படிந்த மாதிரி ஆகிவிடும்.

எழுத்து சின்னதாக வருகிறது என்ற புகாருக்கு பிரிண்டரைத் திட்டிப் பயனில்லை. 1366 புள்ளி அகலமுள்ள திரையை ஏ4 தாளில் நிமிர்த்திப் போட்டால் ஒரு அங்குலத்துக்கு ஏறக்குறைய 165 புள்ளி. படுக்கவைத்துப் போட்டால் 117. பிரிண்டர் 600 புள்ளி போடக்கூடியதாக இருந்தாலும் திரையில் இல்லாத விவரத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்? பிடிப்பதற்கு முன்பே பிரவுசரில் கன்ட்ரோலும் பிளஸ்ஸும் அமுக்கிப் பக்கத்தைப் பெரிதாக்குங்கள், தேவையான பகுதி மட்டும் விண்டோவில் நிற்கட்டும். எல்பியில் பக்கத்துக்குள் அடக்கும் ஆப்ஷனும் இருக்கிறது, தாளைப் படுக்கவைக்கும் ஆப்ஷனும் இருக்கிறது. அந்த அக்காவின் பக்கத்தை இப்படி எடுத்தபோது விண்ணப்ப எண் கண்ணாடி இல்லாமலே படிக்கும் அளவுக்கு வந்தது.

இன்னொன்று, இதை நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். கடல் எச்சரிக்கைத் தாள். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரம், காற்று, நீரோட்டம் பற்றிய முன்கணிப்பைக் கொடுக்கிறது. வானிலைத் துறையும் மீனவர்களுக்கு எச்சரிக்கை கொடுக்கிறது. எல்லாம் போனிலேயே வருகிறது என்பது உண்மைதான். ஆனாலும் சங்கத்து போர்டில் ஒட்ட வேண்டும், டீக்கடையில் நாலு பேர் நின்று பார்க்க வேண்டும் என்றால் தாள்தான். படகு வைத்திருக்கும் சம்மாட்டிமார் இன்றும் கேட்டு வாங்கிப் போகிறார்கள். வாடைக் காலத்தில் இதைக் கவனக்குறைவாகச் செய்யக்கூடாது.

வானிலைத் துறையின் நிறங்கள் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. இதைக் கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டரில் போட்டால் என்ன நடக்கும் என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள். மஞ்சள் வெளுத்துக் காகிதத்தோடு கலந்துவிடும். பளிச்சென்ற பச்சையும் ஆரஞ்சும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக வரும். எச்சரிக்கை ஏதும் இல்லை என்பதும், தயாராக இரு என்பதும் தாளில் ஒரே மாதிரி தெரிந்தால் அந்தத் தாள் ஆபத்தானது. ஆகவே கலர் பிரிண்டர் இல்லாத கடைக்காரர்கள் வரைபடத்தை மட்டும் போடாதீர்கள். எண்களும் வார்த்தைகளும் உள்ள விண்டோவைப் பிடித்துப் போடுங்கள், வரைபடத்தையும் கேட்டால் மாவட்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் நிறத்தின் பெயரைப் பேனாவால் எழுதிக் கொடுங்கள்.

இதே காரணத்துக்காக, கறுப்புப் பின்னணி உள்ள விண்டோவின் நிறங்களை, கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் வரும்படி, தலைகீழாக்கும்போதும் பார்த்துச் செய்ய வேண்டும். எக்ஸ்பிஆரில் ஆர்வி என்றும் இமேஜ்மேஜிக்கில் நெகேட் என்றும் அதற்கு ஆப்ஷன் உண்டு. வெறும் எழுத்துப் பக்கத்துக்கு அருமையாக இருக்கும், டோனரும் மிச்சம். ஆனால் எச்சரிக்கைப் படத்தில் அதைச் செய்தால் சிவப்பு நீலப்பச்சையாக மாறிவிடும். அங்கே தொடவே தொடாதீர்கள்.

லினக்ஸில் புது உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு எக்ஸ்டபிள்யூடி சரியாக வேலை செய்யாது. அதில் எக்ஸுக்குப் பதில் வேலாண்ட் ஓடுகிறது. ஒரு செயலி இன்னொன்றின் விண்டோவைக் கேட்காமல் எட்டிப் பார்க்க அது விடாது, அது நல்லதுதான். அங்கே டெஸ்க்டாப்போடு வரும் ஸ்கிரீன்ஷாட் கருவியில் விண்டோ மட்டும் என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்து, எல்பியில் பிரிண்டருக்கு அனுப்பினால் போதும்.

அப்புறம், பிரிண்ட் எடுத்த பிறகு மிஞ்சுவதைப் பற்றி. சென்டர் கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பைத் திறந்தாலே ஊர்க்காரர்களின் ஆதார், பேங்க் பாஸ்புக், மதிப்பெண் பட்டியல் என்று குவிந்து கிடக்கிறது. நான் மூன்று கமாண்டையும் ஒரே வரியில் கோக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். நடுவில் எந்தப் படமும் நம் டிஸ்க்கில் கோப்பாகச் சேமிக்கப்படுவதில்லை. இம்போர்ட்டில் எடுத்தால் பிரிண்ட் வந்ததும் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள். பிரிண்ட் வேலையைக் கவனிக்கும் கப்ஸ் என்ற மென்பொருளும் அனுப்பிய கோப்பை ஒரு நாள் வரை, அதாவது 86400 நொடி, தன்னிடம் வைத்திருக்கும். கப்ஸ்டி அமைப்புக் கோப்பில் பிரிசர்வ் ஜாப் ஃபைல்ஸ் என்ற வரியை நோ என்று மாற்றி கப்ஸை மறுபடி தொடங்கினால் வேலை முடிந்ததும் அழித்துவிடும். எப்படி மாற்றுவது என்று தெரியாதவர்கள் தயங்காமல் கேளுங்கள், கடைக்கே வந்து மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம்.