இனாக்ஸ் கத்திக்கும் ஈரம் ஆகாது

ஒபினெல் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் 8-ஆம் எண் மடக்குக் கத்தியில் இனாக்ஸ் (துருப்பிடிக்காத எஃகு அலகு கொண்ட வகை) எடுத்தால் துருவே பிடிக்காது, கழுவி அப்படியே மடக்கலாம் என்று சிலர் சொல்வது தவறு. அந்த அலகு குரோமியம் கலந்த எஃகு. துருவை நன்றாகத் தாங்கும், ஆனால் முழுக்கத் தடுக்காது. ஊறுகாய்ச் சாறோடு மடக்கி வைத்தால், அலகு மடங்கும் ஆணிப் பக்கம் ஊசிக்குத்துப் புள்ளிகளாக அரிக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் பிடி. பீச் மரம் தண்ணீரில் ஊறினால் உப்பி, அலகின் அடியை இருபுறமும் கவ்விக்கொள்ளும். நகம் போட்டு இழுத்தாலும் வராது. இனாக்ஸ், கார்பன் எஃகு என எதை வாங்கினாலும் இதே கதைதான். சிக்கினால், பிடியின் கழுத்திலுள்ள பூட்டு வளையத்தைத் திறப்பு நிலைக்குத் திருப்பி, பிடியின் வால்முனையை மேசையில் தட்டுங்கள். அலகின் நுனி எட்டிப் பார்க்கும்.

கழுவியதும் துடைத்து, திறந்தபடியே காயவிடுங்கள். ஆணியில் உணவுத் தர மினரல் ஆயில் ஒரு சொட்டு போதும். சூரியகாந்தி எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளடைவில் பிசினாகிவிடும்.

கார்பன் அலகு சாம்பல் நிறமானால் பயப்படாதீர்கள், கவனிக்க வேண்டியது செம்பழுப்புத் துருவைத்தான். ஆனால் தினமும் எலுமிச்சை, மாங்காய் நறுக்குபவர் இனாக்ஸே வாங்கட்டும். கார்பனில் பழத்துக்கு இரும்பு வாடை ஏறும்.