செம்புறாங்கல் படிக்கட்டும் சுகாதாரப் பதிவேடும்

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்களிடம் நாம் தவறாமல் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. ஓட்டுக் கூரையில் விழும் மழைநீர் முற்றத்தில் இறங்கும். வெள்ளைத் துணி கட்டிய அண்டாக்களில் அதைப் பிடித்துக்கொள்வார்கள். மிஞ்சியது தெருக் கால்வாய் வழியாக ஊரணிக்குப் போய்ச் சேரும். அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் அண்மைக் காலமாக இந்தப் பெருமையோடு இன்னொரு பேச்சையும் சேர்த்துப் பலர் பகிர்கிறார்கள். நம் முன்னோர்களுக்கு நோயே கிடையாது என்றும், சுகாதாரத்தை எந்த அரசும் நமக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை என்றும் அதில் சொல்லப்படுகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்கு முதற்காரணம் என் அப்பத்தாவின் கால்.

அப்பத்தாவின் இடது கணுக்காலுக்கு மேலே காசளவுக்கு ஒரு தழும்பு இருந்தது. நரம்புச் சிலந்தி என்னும் புழு வெளிவந்த இடம் அது. சிறுமியாக இருந்தபோது அங்கே கொப்புளம் கிளம்பி, எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்ததும் அது உடைந்து, வெள்ளை நூல் போலப் புழுவின் நுனி தெரிந்ததாம். அதை ஒரு குச்சியில் சுற்றி, அறுந்துவிடாதபடி நாளொன்றுக்கு ஓரிரு விரற்கடையாக இழுத்து முடிக்க வாரக்கணக்கில் ஆயிற்று என்பார். அதுவரை நடக்க முடியாது. கடைசி வரைக்கும் அவர் எந்த வீட்டுத் தண்ணீரையும் முந்தானையால் வடிகட்டாமல் குடித்ததில்லை. "கண்ணுக்குத் தெரியாததுதாப்பா காலை முடக்கும்" என்று எங்களிடம் சொல்லுவார்.

அந்தப் புழு ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் உடம்புக்குப் போகும் வழி, படியிறங்கி நீர் மொள்ளும் வழக்கம்தான். புண்ணுள்ள காலோடு ஒருவர் தண்ணீருக்குள் இறங்கினால் புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை அதில் விட்டுவிடும். சைக்ளாப்ஸ் எனப்படும் நுண்ணிய நீர்த்தெள்ளு அவற்றை விழுங்கும். அந்த நீரை வடிகட்டாமல் குடிப்பவருக்கு ஏறக்குறைய ஓராண்டு கழித்துக் காலில் கொப்புளம் வரும். நாம் படம்பிடித்துப் போடுகிற அழகிய செம்புறாங்கல் படிக்கட்டு இருக்கிறதே, அத்தகைய படிகளில்தான் இந்த நோய் ஏறியும் இறங்கியும் வந்தது. ஊரணி வெட்டியவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. குடிநீர் ஊரணிக்குக் காவல் போட்டவர்களும் அவர்களே. ஆனாலும், நல்ல எண்ணத்தோடு வெட்டிய ஊரணிக்குள் இப்படி ஒரு புழு இருக்கக்கூடும் என்று கண்டுசொல்லவும், கண்டபின் ஊர் ஊராக நடந்து அதை ஒழிக்கவும் ஒரு துறை தேவைப்பட்டது.

1980களின் தொடக்கத்தில் நாடு தழுவிய ஒழிப்புத் திட்டம் வந்தபோது நோய் இருந்த ஏழு மாநிலங்களில் தமிழகமும் ஒன்று. இதற்குத் தடுப்பூசியும் இல்லை, புழுவைக் கொல்லும் மருந்தும் இல்லை. இறங்குகிணறுகளை இறைகிணறுகளாக மாற்றினார்கள், நீர்த்தெள்ளைக் கொல்லும் மருந்தைத் தண்ணீரில் தெளித்தார்கள், வீடுதோறும் வடிதுணியைப் பற்றிப் பேசினார்கள், நோயாளிகளைத் தேடிப்போய்க் கணக்கெடுத்தார்கள். இந்தியாவின் கடைசி நோயாளி 1996இல் இராஜஸ்தானில் கண்டறியப்பட்டார். 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டுக்குச் சான்று வழங்கியது.

இப்படி ஊர் ஊராக நடந்த பொது சுகாதாரத் துறைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1864இல் சென்னை மாகாணத்துக்குச் சுகாதார ஆணையர் நியமிக்கப்பட்டார். 1899இல் கிண்டியில் கிங் நிலையம் தொடங்கி, மாகாணம் முழுவதற்கும் அம்மைப்பால் எனப்பட்ட பெரியம்மைத் தடுப்பு மருந்தைத் தயாரித்தது. 1922இல் பொது சுகாதாரத்துக்கெனத் தனித்துறை அமைந்தது. 1939இல் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம் வந்தது. குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய் ஆகியவற்றோடு சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும்கூட அச்சட்டத்தில் விதிகள் உண்டு. தேரோட்டத்துக்குக் கூட்டம் கூடியபின் பேதி பரவும் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் எழுதிய சட்டம் என்பது படித்தால் தெரியும். காரைக்குடி 1928இல் நகராட்சியானது. இந்த வட்டாரம் அப்போது இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது.

அம்மை குத்தியவர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். வட்டமான சிறு பற்சக்கரம் போன்ற கருவியைக் கையில் வைத்து ஒரு திருகு திருகுவார்கள். என் வயதுக்காரர்களின் கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. எங்கள் தெருவில் குடியிருந்த ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர், தம் பணிக்காலத்தில் வாசலில் செருகிய வேப்பிலையைப் பார்த்துத்தான் அம்மை கண்ட வீட்டை அடையாளம் தெரிந்துகொள்வோம் என்றார். அந்த வீட்டுக்காரர்களிடம் அம்மனைப் பற்றி ஒரு சொல்லும் குறைத்துப் பேசமாட்டாராம். திண்ணையில் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு, அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் குத்த அனுமதி கேட்பாராம். 1975க்குப் பிறகு இந்தியாவில் யாருக்கும் பெரியம்மை வரவில்லை.

எழுதக் கூசினாலும் எழுதியாக வேண்டியது ஒன்று உண்டு. நகராட்சிச் சுகாதாரப் பிரிவு என்றால் அதில் பெரும்பங்கு துப்புரவுப் பணியாளர்கள். எடுப்புக் கக்கூஸ் இருந்த காலத்தில் நம் தெருக்களின் பின்சந்து வழியாக விடியுமுன் வந்து, மலத்தைக் கையால் அள்ளிச் சுமந்தவர்கள் அவர்கள். முன்வாசல் தேக்கு நிலையைப் பற்றிப் பேசுகிறோம். பின்சந்தைப் பற்றி எந்தச் சுற்றுலா வழிகாட்டியும் பேசுவதில்லை. அந்தக் கொடுமையைச் சட்டம் தடை செய்ததே 1993இல்தான். நம் ஊர்களில் சுகாதார வரலாற்றை யார் எழுதினாலும் அந்தக் குடும்பங்களைக் கேட்காமல் எழுதக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எழுதுவதற்கு ஆவணம் வேண்டும் அல்லவா? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய பேப்பர் கடையில், தராசுக்குப் பக்கத்தில், ஓர் ஊரின் பழைய இறப்புப் பதிவேடு கிடந்ததைப் பார்த்தேன். ஊதா மை, கரையான் அரித்த ஓரம். இறப்புக்கான காரணம் எழுதும் பத்தியில் ஒரே பக்கத்தில் "பேதி, பேதி, ஜுரம், பேதி" என்று ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தது. வயதுப் பத்தியில் 3, 40, 7, 22. நான் போய் வீட்டில் பணம் எடுத்து வருவதற்குள் கட்டோடு ஏற்றிவிட்டார்கள். அந்தப் பக்கம் இன்றுவரை என் மனத்தைவிட்டுப் போகவில்லை.

காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. எஞ்சியிருக்கும் பிறப்பு இறப்புப் பதிவேடுகள், அம்மை குத்திய குறிப்பேடுகள், பழைய கருவிகள் ஆகியவற்றுக்கு மாநகராட்சி ஓர் அறை ஒதுக்க வேண்டும். நம் பங்குக்கும் வேலை இருக்கிறது. இலங்கைக்குக் கப்பலேறிய காலத்தில் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக் கண்காணிப்பில் தங்கிப் போனவர்களின் சீட்டுகளும் அம்மை குத்திய சான்றுகளும் நம் வீட்டுப் பெட்டகங்களில் கணக்கு நோட்டுகளுக்கு நடுவே இருக்கக்கூடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் பெட்டகத்தை ஏற்றிவிடும் முன், தயவுசெய்து உள்ளே இருக்கும் காகிதங்களை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். அப்படி ஏதேனும் கிடைத்தால் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.