‘வேணும்’ என்று யார் சொல்கிறார்கள்?

ஒரு வீட்டில் யார் எந்தச் சொல்லால் கேட்கிறார்கள் என்று கவனித்தாலே, அங்கே யார் கை ஓங்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். இது என் கட்சி.

குழந்தை ‘எனக்கு வேணும்’ என்கிறது. சம்பாதிக்கிற ஆணும் அப்படித்தான். அதே வீட்டு அம்மாக்கள் பேசுவதைக் கேளுங்கள்: ‘மாங்கா சாப்பிடணும் போல இருக்கு.’ இந்தப் ‘போல இருக்கு’ இருக்கிறதே, இதைவிட மெதுவாகத் தமிழில் ஒன்றைக் கேட்க முடியாது. யாரையும் கேட்கவில்லை, ஏதோ தோன்றியது, அவ்வளவுதான். யாரும் வாங்கி வராவிட்டாலும் மறுத்ததாக ஆகாது. மசக்கை சமயத்தில் மட்டும் ‘என்ன வேணும், சொல்லு’ என்று வீடே வந்து நிற்கும். (அதுவும் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்காகத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.)

‘ஆசை’ வந்துவிட்டால் கதையே வேறு. பேராசை, நப்பாசை, அற்ப ஆசை என்று அதற்கு ஏகப்பட்ட கெட்ட பெயர். மேலே படிக்கணும் என்கிற பெண்ணிடம் ‘ரொம்ப ஆசைப்படாதே’ என்று சொல்லி முடித்துவிடலாம். துணைக்கு வள்ளுவரையும் இழுப்பார்கள். அவரோ இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறார். பிறர் பொருளுக்கு ஆசைப்படாதே என்கிற ‘வெஃகாமை’ 18ஆம் அதிகாரம், இல்லறவியலில் வருகிறது. ஆசையையே வேரோடு அறுக்கச் சொல்லும் ‘அவா அறுத்தல்’ 37ஆம் அதிகாரம், துறவறவியலில். கல்லூரிக்குப் போக நினைக்கும் பெண்ணுக்கு எதற்குச் சாமி, துறவியின் பாடம்?

தேர்தல் வந்தால் கட்சி அலுவலக வாசலில் கூட்டம் கூட்டமாக நின்று, கட்டணமும் கட்டி, சீட்டு கேட்டு மனு கொடுக்கிறார்கள். அதற்குப் பெயர் ‘விருப்ப மனு’. பதவி ஆசை மனு என்று யாரும் சொல்வதில்லை!

சரி, அந்த மரியாதையான ‘விருப்பம்’ கல்யாணப் பேச்சிலாவது பெண்ணுக்குக் கிடைக்கிறதா? பல வீடுகளில் ‘பொண்ணுக்குச் சம்மதமா?’ என்றுதான் கேட்கிறார்கள். சம்மதம் என்பது மற்றவர்கள் எடுத்த முடிவுக்குத் தலையாட்டுவது. ஜாதகம் பார்த்து, நகை பேசி, மண்டபமும் விசாரித்த பிறகு அவளிடம் கேட்க அதுதானே மிச்சம்? மாப்பிள்ளையிடம் மட்டும் முதல் நாளே, காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள், ‘பொண்ணு பிடிச்சிருக்கா தம்பி?’ என்று கேட்டுவிடுகிறோம்.