யாரும் மூழ்கிச் சாகவில்லை

அந்த ரீலை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். போதும், பார்த்துவிட்டேன். ஃபில் காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' பாட்டு, தண்ணீரில் தத்தளிக்கும் ஒருவன், கரையில் கைகட்டி வேடிக்கை பார்க்கும் இன்னொருவன், இதைப் பார்த்த காலின்ஸ் அப்புறம் அந்த வேடிக்கை பார்த்தவனுக்கு அனுப்பும் முன்வரிசை டிக்கெட், கச்சேரியில் அவன் முகத்தில் ஸ்பாட்லைட். பின்னணியில் தழுதழுக்கும் குரல். இது நடக்கவே இல்லை என்று கமெண்டில் மரியாதையாகத்தான் எழுதினேன். "ஃபீல் பண்ணத் தெரியாதவங்க ஒதுங்கிக்கலாம்" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் என் கமெண்டே காணோம். சரி, இது என் சுவர். இங்கே யாரும் அழிக்க முடியாது.

யாரும் மூழ்கிச் சாகவில்லை. காலின்ஸ் யாரையும் கரையிலிருந்து பார்க்கவில்லை, யாருக்கும் டிக்கெட் அனுப்பவில்லை. இது பல பத்தாண்டுகளாகச் சுற்றும் கட்டுக்கதை. 2000-இல் ராப் பாடகர் எமினெமின் 'ஸ்டான்' பாட்டில், மனம் பிறழ்ந்த ரசிகன் ஒருவன் இந்தக் கதையை உண்மை என்று நம்பிப் பேசுவான். அதற்குப் பிறகு இது இன்னும் வேகமாகப் பரவியது. காலின்ஸே பேட்டிகளில் திரும்பத் திரும்ப மறுத்துவிட்டார். அந்த வரிகள் பெரும்பாலும் பாடும்போதே வாயில் வந்தவை, எதைப் பற்றியது என்று தனக்கே திட்டமாகத் தெரியாது, ஆனால் அதில் கோபம் இருக்கிறது என்றுதான் சொன்னார்.

அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதும் ரகசியம் இல்லை. 1979-இல் அவருடைய முதல் திருமணம் உடைந்தது. காப்பாற்றிவிடலாம் என்று கனடாவில் வான்கூவர் வரை போனார், நடக்கவில்லை. இங்கிலாந்து திரும்பினார். அவருடைய ஜெனிஸிஸ் குழுவில் மற்ற இருவரும் அவரவர் தனி ஆல்பத்தில் இருந்தார்கள். இவர் மட்டும் ஆளில்லாத வீட்டில், ஒரு 8-ட்ராக் ரெக்கார்டரும், ப்ராஃபெட்-5 சிந்தசைஸரும், ரோலண்ட் சிஆர்-78 என்ற ரிதம் பெட்டியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உலகத்தின் சிறந்த டிரம்மர்களில் ஒருவர் தன் சோகத்துக்கு இயந்திரத்தைத் தாளம் போடவிட்டுப் பாடினார். இதைவிட என்ன கதை வேண்டும் உங்களுக்கு?

"சரி, அது வெறும் விவாகரத்து. மூழ்கும் கதையில்தான் ஒரு பயம் இருக்கிறது" என்று ஒருவர் இன்பாக்ஸில் எழுதியிருக்கிறார். பயம் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். பாட்டைப் போடுங்கள். மூன்றரை நிமிடத்துக்கும் மேல் அந்தப் பெட்டித் தாளம் மட்டும்தான். மேலே சிந்தசைஸர், குரல், அங்கங்கே கிட்டார். சுமார் 3:40-இல் டிரம்ஸ் விழுகிறது. உடம்பு அதிர்கிறதே, அந்த அதிர்ச்சிக்கு ஏரி தேவையில்லை. காரணம் லண்டனில் டவுன்ஹவுஸ் என்ற ஸ்டூடியோவில் இருந்தது.

அங்கே எஸ்எஸ்எல் கன்சோல் ஒன்று, அதாவது ஒலிகளைக் கலக்கும் மேசை. வாத்தியக்காரர்கள் பேசுவது எஞ்சினியருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக அறையின் மேலே ஒரு மைக் தொங்கும். ஒருவர் மூலையிலிருந்து முணுமுணுத்தாலும், மைக்குக்கு அடியில் நின்று கத்தினாலும் ஒரே அளவில் கேட்கும்படி அதற்குப் பின்னால் மிகக் கடுமையான கம்ப்ரெஸர், அதாவது பெரிய சத்தத்தை நசுக்கிச் சின்னச் சத்தத்தைத் தூக்கும் கருவி. பாடகர் பீட்டர் கேப்ரியலின் 1980 ஆல்பப் பதிவின்போது காலின்ஸ் டிரம்ஸ் வாசிக்க, எஞ்சினியர் ஹ்யூ பேட்கம் அந்த மைக்கின் பொத்தானை அழுத்தியிருந்தார். அறை முழுக்க நசுங்கி, வீங்கி, மேலே வந்து விழுந்தது சத்தம். சிக்கல் என்னவென்றால் அந்த மைக் பேச்சுக்கு மட்டும்தான், டேப்புக்குப் போக அதற்கு வழியே கிடையாது. ஸ்டூடியோ ஆட்களிடம் சொல்லி, ராத்திரியோடு ராத்திரியாக வயரிங்கை மாற்றி அதற்கு ஒரு வெளிவழி கொடுத்தார்கள். பிறகு அந்த ஒலியை ஒரு நாய்ஸ் கேட் வழியே விட்டார்கள். அடி விழும்போது கதவு திறக்கும், ஒலி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் படாரென்று மூடும். எதிரொலி தேய்ந்து மறையாது, நறுக்கென்று வெட்டுப்படும். கேப்ரியலின் 'இன்ட்ரூடர்' பாட்டில் அதுதான் கேட்கிறது. அடுத்த ஆண்டு காலின்ஸின் பாட்டிலும் அதே ஆட்கள், அதே உத்தி.

வீட்டில் இதைச் செய்து பார்த்துவிட்டு "அப்படி வரவில்லை" என்கிறவர்கள் பெரும்பாலும் ஸ்நேர் டிரம் மேல் நீளமான ஹால் ரிவர்ப், அதாவது பெரிய மண்டபத்தின் செயற்கை எதிரொலி, போடுகிறார்கள். அது தவறு. முதலில் நிஜ அறை ஒலி வேண்டும், அதை நசுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கேட். டிரம்ஸோடு இருக்கும் சிம்பல் என்ற உலோகத் தட்டைத் தொட்டால் காரியம் கெட்டது. சிம்பலின் நீண்ட ஒலி கேட்டை மூடவிடாது, கம்ப்ரெஸர் அந்த இரைச்சலைத் தூக்கி முகத்தில் அடிக்கும். கேப்ரியல் அந்த ஆல்பத்தில் சிம்பலே கூடாது என்று சொல்லியிருந்தார். அதுவும் சேர்ந்துதான் இந்தச் சத்தம் பிறக்க இடம் கிடைத்தது.

இதையெல்லாம் எழுதினால் உடனே "நீங்க டெக்னிக்கல் ஆள், உங்களுக்குப் பாட்டு ஒரு மெஷின்" என்கிறார்கள். இது எனக்கு வலிக்கிறது. மனைவி பிரிந்துபோன ஒருவன் பாடிய பாட்டில் அந்தப் பிரிவை எடுத்துவிட்டு ஒரு பிணத்தைச் சொருகுகிறீர்கள். ராத்திரி வயரிங் மாற்றியவர்களையும் அழிக்கிறீர்கள். மனசு இல்லாதவன் நானா?

இன்னொரு பாட்டைச் சொல்கிறேன். 10சிசி குழுவின் 'ஐம் நாட் இன் லவ்', 1975. இதற்கு மரணம் இல்லை, விபத்து இல்லை, துரோகமும் இல்லை. அதனால்தான் ரீல்காரர்கள் யாரும் தொடுவதில்லை. குழுவின் எரிக் ஸ்டூவர்ட்டிடம் அவர் மனைவி, "நீ என்னைக் காதலிப்பதாக ஏன் அடிக்கடி சொல்வதே இல்லை?" என்று கேட்டிருக்கிறார். சொல்லிக்கொண்டே இருந்தால் அதற்கு மதிப்பில்லாமல் போய்விடும் என்பது இவர் நினைப்பு. அப்படியானால் சொல்லாமலே எப்படிச் சொல்வது? காதல் இல்லை, இல்லை என்று மறுத்துக்கொண்டே போகும் ஒரு பாட்டை எழுதினார். உன் படத்தைச் சுவரில் மாட்டியிருப்பதுகூட அங்கே இருக்கும் கறையை மறைக்கத்தான் என்று அந்த ஆள் சாதிப்பான். கேட்கிற எல்லோருக்கும் அவன் பொய் சொல்வது தெரியும், அவனைத் தவிர.

முதலில் இதை போஸா நோவா தாளத்தில் பதிவு செய்தார்கள். குழுவில் கெவின் காட்லிக்கும் லோல் க்ரீமுக்கும் சுத்தமாகப் பிடிக்கவில்லை. தூக்கிப் போட்டார்கள். ஆனால் மான்செஸ்டர் பக்கம் ஸ்டாக்போர்ட்டில் இருந்த அவர்களுடைய ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் வேலை செய்தவர்கள் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்களாம். அப்படியானால் வாத்தியங்களைக் குறைத்துக் குரல்களாலேயே செய்வோம் என்றார் காட்லி. நாலு பேர் சேர்ந்து பெரிய கோரஸை எங்கே கொண்டுவருவது? டேப்பை வளையமாக ஓட்டலாம் என்று க்ரீம் வழி சொன்னார்.

இனி நடந்ததைக் கவனமாகப் படியுங்கள். காட்லி, க்ரீம், குழுவின் நாலாமவர் கிரஹாம் கௌல்ட்மன் மூவரும் ஒரு மைக்கைச் சுற்றி நின்று ஒரே ஒரு ஸ்வரத்தை "ஆ..." என்று நீட்டிப் பாடினார்கள். அதையே 16 ட்ராக்கிலும் 16 தடவை. மூன்று பேர், பதினாறு தடவை, ஒரு ஸ்வரத்துக்கு 48 குரல். அதைக் கலந்து டேப்பில் எடுத்து, வெட்டி, முனையோடு முனை ஒட்டி வளையமாக்கி, மைக் ஸ்டாண்டைச் சுற்றி ஓடவிட்டார்கள். வளையம் சின்னதாக இருந்தால் ஒட்டுப்போட்ட இடம் டேப்பைப் படிக்கும் ஹெட்டை அடிக்கடி கடந்து 'டிக், டிக்' என்று காட்டிக்கொடுக்கும். அதனால் வளையம் நீளமாக இருக்க வேண்டும், சுமார் 12 அடி. பிறகு அடுத்த அரை ஸ்வரம். மறுபடி 48 குரல். அப்புறம் அதற்கடுத்தது. இப்படி முழு வரிசைக்கும். மூன்று வாரம் "ஆ" மட்டுமே பாடியிருக்கிறார்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு ஸ்வரமும் கன்சோலில் ஒரு ஃபேடர், அதாவது ஒலி அளவை ஏற்றி இறக்கும் நெம்பு. நால்வரும் சேர்ந்து உட்கார்ந்து, பாட்டில் சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு (chord) மாறும்போது இந்த விரலை ஏற்றி அந்த விரலை இறக்கி, கன்சோலையே ஒரு வாத்தியமாக வாசித்தார்கள். ஃபேடர் முழுக்கக் கீழே போகாதபடி அடியில் டேப் ஒட்டியிருந்தார்கள். அதாவது பாட்டு முழுக்க எல்லா ஸ்வரங்களும் மெல்லியதாகக் கசிந்துகொண்டே இருக்கும். ஹெட்ஃபோனில் கேளுங்கள், அந்தப் பனிமூட்டம் அதுதான். நடுவில் ஒரு பெண் கிசுகிசுப்பாள், சத்தம் போடாதே, பெரிய பையன்கள் அழமாட்டார்கள் என்று. அவர் ஸ்டூடியோவின் ரிசப்ஷனிஸ்ட். ஸ்டூவர்ட்டுக்குப் போன் வந்திருக்கிறது என்று சொல்லக் கதவைத் திறந்து மெதுவாகப் பேசியவரின் குரலைக் கேட்டதும், இந்தக் குரல்தான் வேண்டும் என்று பிடித்துக்கொண்டார் க்ரீம்.

ஒரு மனைவி கேட்ட ஒரு கேள்வி. ஒரு ஆளின் வீம்பு. மூன்று வாரம் "ஆ". இது போதவில்லையா உங்களுக்கு? யாராவது செத்தால்தான் பாட்டா?

"கதை பொய்யாக இருந்தாலும் கேட்கிறவர் கண்ணில் வரும் நீர் நிஜம்தானே?" என்பது இன்னொரு வாதம். நிஜம்தான். வெங்காயம் உரித்தாலும் அது வரும். அடுத்தது, "நாட்டார் கதைகள் எல்லாம் இப்படித்தானே உருவாகின?" நாட்டார் கதைக்கு உரியவர் உயிரோடு உட்கார்ந்து "இது நடக்கவில்லை" என்று பேட்டி கொடுப்பதில்லை. அதற்கு மேல் அந்த வாதத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை.

ஃப்ளீட்வுட் மேக் குழுவின் 'ரூமர்ஸ்' பற்றியும் அதே பக்கத்தில் ஒரு ரீல் இருக்கிறது. "காதலர்கள் சண்டை போட்டுக்கொண்டே பாடிய ஆல்பம்" என்று தலைப்பு. அது பொய்யில்லை. 1976-இல் கலிஃபோர்னியாவில் சாசலிட்டோ ஊரில் அவர்கள் பதிவுக்குப் போனபோது குழுவில் கணவன் மனைவியான ஜான் மெக்வியும் கிறிஸ்டின் மெக்வியும் பிரிந்திருந்தார்கள். காதலர்களான ஸ்டீவி நிக்ஸும் லிண்ட்சி பக்கிங்ஹமும் பிரிந்துகொண்டிருந்தார்கள். தன்னைக் குத்தி பக்கிங்ஹம் எழுதிய 'கோ யுவர் ஓன் வே' பாட்டுக்கு நிக்ஸே பின்குரல் பாட வேண்டியிருந்தது. அதில் தன்னைப் பற்றி வரும் ஒரு வரி அபாண்டம், எடுத்துவிடு என்று கேட்டார். எடுக்கவில்லை.

ஆனால் உண்மையிலேயே நெஞ்சை அறுப்பது அந்த ரீலில் இல்லாத பாட்டு. 'சில்வர் ஸ்பிரிங்ஸ்'. மேரிலாண்டில் சாலையோரப் பெயர்ப்பலகையில் பார்த்த பெயரிலிருந்து நிக்ஸ் எழுதியது, என் குரல் உன்னை வாழ்நாள் முழுக்கத் துரத்தும் என்று பிரிந்தவனிடம் சொல்லும் பாட்டு. அதன் வருமானத்தைத் தன் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அது ஆல்பத்திலிருந்து தூக்கப்பட்டது. பெரிய காரணம் நீளம். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது, இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல் திணித்தால் ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்க வேண்டும், நெருக்கினால் ஒலி அளவையும் பேஸையும் குறைக்க வேண்டும், தட்டு சோகையாகிவிடும். நாலரை நிமிடப் பாட்டுக்கு இடமில்லை. குழுவின் மிக் ஃப்ளீட்வுட் நிக்ஸை வெளியே கார் நிறுத்துமிடத்துக்குக் கூப்பிட்டுப் போய் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பாட்டைக் கடைசியில் எங்கே வைத்தார்கள் தெரியுமா? 'கோ யுவர் ஓன் வே' தனியாக வந்த சின்ன இசைத்தட்டின் பின்பக்கம். அவரைக் குத்திய பாட்டின் முதுகில், அவருடைய பதில். இருபது வருடம் அங்கேயே கிடந்தது. 1997-இல் 'தி டான்ஸ்' நிகழ்ச்சியில் நிக்ஸ் அதைப் பாடும்போது கடைசியில் பக்கிங்ஹம் பக்கம் திரும்பி, அவர் கண்ணைப் பார்த்து நேராகப் பாடுகிறார். காணொளி இருக்கிறது, பாருங்கள். இதில் ஒரு சொல்லையும் யாரும் புனைய வேண்டியதில்லை. ஆனால் இதைச் சொல்ல இசைத்தட்டின் பள்ளம் தெரிந்திருக்க வேண்டும். தழுதழுத்தால் மட்டும் போதாது.

எழுத எழுதக் கோபம் கூடத்தான் செய்கிறது, மறைக்கவில்லை. இதே ஆட்கள் நிஜ மரணத்தையும் விட்டுவைப்பதில்லை. எரிக் கிளாப்டனின் 'டியர்ஸ் இன் ஹெவன்' கதையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக இட்டுக்கட்டிச் சொல்கிறார்கள். ஒரு ரீலில் குழந்தை தண்ணீரில் போகிறது, இன்னொன்றில் நோயில் போகிறது. கிளாப்டனின் மகன் கானர் என்ற நான்கு வயதுக் குழந்தை 1991 மார்ச் 20 அன்று நியூயார்க்கில் 53-ஆவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தது. 'ரஷ்' என்ற படத்துக்குப் பாட்டு எழுதிக்கொண்டிருந்தபோது கிளாப்டன் முதல் சரணத்தை எழுதிவிட்டு, மீதியை எழுதச் சொல்லிப் பாடலாசிரியர் வில் ஜென்னிங்ஸிடம் கொடுத்தார். ஜென்னிங்ஸ் தயங்கினார். இது உங்கள் சொந்தத் துக்கம், நீங்களே எழுதுங்கள் என்றார். அந்தத் தயக்கத்தை இந்தப் பக்கங்களில் ஒன்றிலாவது பார்த்திருக்கிறீர்களா? தொழில்முறைப் பாடலாசிரியர், சம்பளத்துக்கு எழுதுகிறவர், அடுத்தவன் துக்கத்தைத் தொடக் கூசினார்.

2004-இல் கிளாப்டன் அந்தப் பாட்டை மேடையில் பாடுவதை நிறுத்தினார். அந்த இழப்பை முன்போல் தான் உணரவில்லை, அந்த உணர்வு இல்லாமல் அதைப் பாடக் கூடாது என்று சொல்லிச் சில வருடம் பாடாமல் இருந்தார். பாட்டுக்குச் சொந்தக்காரரே அப்படி நடந்துகொண்டார். இன்னொன்றும் செய்தார். குழந்தைகள் இருக்கும் வீடுகளில் ஜன்னலுக்கும் மாடிப்படிக்கும் தடுப்பு போடுங்கள் என்று டிவியில் வந்து பொதுநல விளம்பரத்தில் பேசினார். மகனை இழந்த தகப்பன் கேமரா முன் நின்று ஜன்னல் தடுப்பைப் பற்றிப் பேசினார். அடுத்த தடவை அந்தப் பாட்டுக்கு ரீல் போடுகிறவர்கள் அதையும் சேர்த்துப் போடுங்கள்.