அளவுப் புத்தகம் தெருவுக்கு வரட்டும்

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதி முடிந்த பத்துப் பதினைந்து நாளில் ஒரு நோட்டீஸ் வரும். யார் வீட்டு வரி எவ்வளவு, பந்தலுக்கு எவ்வளவு, கூத்துக்காரர்களுக்கு எவ்வளவு, ஜெனரேட்டர் டீசலுக்கு எவ்வளவு என்று எல்லாவற்றையும் அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுப்பார்கள். மீதி எவ்வளவு, அது யார் கையில் இருக்கிறது என்பதும் கடைசி வரியில் இருக்கும். ஒரு வருடம் வாழைமரத்துக்குப் போட்ட தொகை கூடுதலாக இருக்கிறதே என்று என் மாமியார் நேரே போய்க் கேட்டார். பார்த்தார்கள், தப்புதான். திருத்தி மறுபடியும் அச்சடித்தார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

நான் பொருளாளராக இருக்கும் மகளிர் குழுவிலும் அப்படித்தான். வாரா வாரம் கணக்கை உரக்கப் படிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத இரண்டு பேர் குழுவில் உண்டு. தங்கள் பெயர் வரும்போது நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள், ஒரு ரூபாய் மாறினாலும் சொல்லிவிடுவார்கள்.

இப்படிக் கணக்குப் பார்த்துப் பழகிய ஊரில், தெருவில் போட்ட வடிகால் வாய்க்காலின் கணக்கு மட்டும் ஒருவருக்கும் தெரியாமல் போனது ஏன் என்பதுதான் ஒன்றரை வருடமாக என் மனதை அரிக்கிறது.

கடலூருக்கு மேற்கே, தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். தட்டையான நிலம். மேற்கே பெய்கிற மழையெல்லாம் எங்கள் பக்கமாக வந்துதான் கடலுக்குப் போக வேண்டும். இங்கே வாய்க்காலுக்கு வாட்டம், அதாவது தரைச் சரிவு, நாலு விரல் தப்பினாலும் தண்ணீர் நின்றுவிடும். 2023-ல் எங்கள் தெருவுக்கு வாய்க்கால் கட்டினார்கள். முகப்பில் ஒரு பலகை வைத்தார்கள். திட்டத்தின் பெயர், ஆண்டு, மதிப்பீட்டுத் தொகை. ‘பணி முடிந்த நாள்’ என்ற இடம் காலி. இன்றைக்கும் காலிதான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர் பக்கம் எத்தனை ஊர்களை மூழ்கடித்தது என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கு ஆறு வரவில்லை. வாய்க்கால்தான் வந்தது. வெளியே போக வேண்டிய தண்ணீர் அதே வாய்க்கால் வழியாகத் திரும்பி வந்து ஏழு வீட்டுக்குள் புகுந்தது. எங்கள் வீட்டில் அரிசி மூட்டையும் பிள்ளைகளின் புத்தகங்களும் போயின.

தண்ணீர் வடிந்த பிறகு கொத்தனார் பெரியப்பா வந்து பார்த்தார். நாற்பது வருடம் கரண்டி பிடித்த கை அது. வாய்க்காலின் கடைசியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “வாட்டமே இந்தப் பக்கம் இருக்குதும்மா. அதுவும் இது ஓடை வரைக்கும் போகல, நடுவுலயே முட்டி நிக்குது” என்றார்.

“கட்டும்போது நீங்க பாக்கலியா பெரியப்பா?”

“பாத்தேன். கவர்மெண்டு பிளான்ல அப்படித்தான் போட்டிருப்பாங்கன்னு நெனச்சிட்டேன்.”

இந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். கான்கிரீட் போட்ட அன்றைக்கே தப்பைக் கண்டுபிடிக்கத் தெரிந்த மனிதர் பத்தடி தூரத்தில் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வாய்க்கால் எங்கே முடிய வேண்டும், எந்தப் பக்கம் சரிய வேண்டும் என்று எழுதிய காகிதத்தை அவரிடம் யாரும் காட்டவில்லை. அவர் கேட்கவும் இல்லை, கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது.

நான் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, மதிப்பீட்டின் நகலும் அளவுப் புத்தகத்தின் நகலும் கேட்டேன். (எம்-புக் என்பார்கள். செய்த வேலையை அளந்து அதில் எழுதி, அதை வைத்துத்தான் பில் போடுவார்கள்.) முப்பது நாளில் பதில் வர வேண்டும், வரவில்லை. மேல்முறையீடு செய்தேன். நாலரை மாதம் கழித்துக் காகிதம் கைக்கு வந்தது. முழுக்க ஆங்கிலம், பாதி சுருக்கெழுத்து. பாலிடெக்னிக் படிக்கும் என் அக்கா மகன் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சொன்னான். மதிப்பீட்டில் நீளம் 240 மீட்டர், ஓடையில் சேர வேண்டும். அளவுப் புத்தகத்திலும் 240. நாங்கள் டேப் பிடித்து அளந்தால் 205.

அந்த 35 மீட்டரை யார் தின்றார்கள் என்று இங்கே நான் யார் பெயரையும் சொல்லப்போவதில்லை, அதற்கு விசாரணை கேட்டிருக்கிறேன். என் கவலை வேறு. காகிதம் கைக்கு வரும்போது பில் பாஸாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. புயலும் வந்து போய்விட்டது. இறந்தவருக்கு மருந்துச் சீட்டு கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு.

‘எல்லாம் இணையதளத்தில் இருக்கிறது’ என்று சொல்கிறார்கள். போய்ப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எந்த எழுத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆனது. உள்ளே திட்ட எண், தொகை, முடிந்த வேலையின் ஒரு போட்டோ. போட்டோவில் வாய்க்கால் அழகாகத்தான் இருக்கிறது. வாட்டம் போட்டோவில் தெரியுமா?

சட்டம் இதைவிடத் தெளிவாக இருக்கிறது. 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, திட்டங்களையும் செலவையும் யாரும் கேட்காமலே அலுவலகம் வெளியிட வேண்டும் என்கிறது. அதையும் உள்ளூர் மொழியில், அந்த ஊர் மக்களுக்கு எப்படிச் சொன்னால் போய்ச் சேருமோ அப்படிச் சொல்ல வேண்டும் என்கிறது. அறிவிப்புப் பலகை என்ற சொல்லே அங்கே இருக்கிறது. 2-வது பிரிவில் இன்னொன்று: நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றளித்த மாதிரியை எடுக்கவும் நமக்கு உரிமை உண்டு. சிமென்ட் கலவையில் ஒரு கைப்பிடி கேட்கலாம். இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இந்தச் சட்டத்துக்கு விதை போட்டவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான். 1994 டிசம்பரில் ராஜஸ்தானில் ஒரு கிராமத்தில், சமூகச் செயற்பாட்டாளர் அருணா ராய் உள்ளிட்டோர் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு, வேலைக்கு வந்ததாக எழுதிய வருகைப் பட்டியலை ஊர் நடுவில் உரக்கப் படித்தது. தங்கள் ஊர்க் கணக்கைக் காதால் கேட்டபோதுதான் மக்களுக்கு விஷயம் புரிந்தது. எங்கள் குழுவில் வாரா வாரம் நடப்பது போலத்தான்.

‘எல்லா விவரத்தையும் வெளியே போட்டால் கண்டவனும் காண்ட்ராக்டரிடம் போய் காசு கேட்பான், வேலை நின்றுவிடும்’ என்று ஒரு ஓவர்சியர் என்னிடம் சொன்னார். நியாயமாகப் பேசுகிறவர், அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அப்படிக் காசு கேட்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் காசு கேட்பதே, விவரம் தங்களுக்கு மட்டும் தெரியும் என்ற தைரியத்தில்தான். ரேஷன் கடைச் சுவரில் எழுதி ஊருக்கே தெரிகிற விஷயத்தை வைத்து ஒருவர் யாரை மிரட்ட முடியும்? அதே ஓவர்சியர் எத்தனையோ ஊராட்சிகளுக்கு ஒற்றை ஆளாக ஓடுகிறார். பெரியப்பா மாதிரி நாலு பேர் கண் வைத்திருந்தால் அவருக்கும் பாரம் குறையும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019 டிசம்பரில் நாங்கள் தேர்ந்தெடுத்த ஊராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போய்விட்டது. பக்கத்தில் புதுச்சேரியின் பாகூரில் இருக்கும் என் தங்கையைக் கேட்டால், ‘உங்களுக்கு இப்பதான் அக்கா, எங்களுக்கு எத்தனை வருஷமா’ என்கிறாள். புதுச்சேரியில் 38 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2006-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-ல் அந்தப் பதவிக்காலம் முடிந்தது முடிந்ததுதான். வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்க வார்டு உறுப்பினர் இல்லாத ஊரில், பலகையாவது பேச வேண்டாமா?

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. வேலை தொடங்கும் முன்பே ஒரு பலகை, தமிழில். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, நீளம், அகலம், ஆழம், கான்கிரீட் கனம், வாட்டம் எந்தப் பக்கம். அதன் கீழே, ஒவ்வொரு முறை அளந்து பில் போடும்போதும் தேதியோடு ஒரு வரி: இன்று வரை எத்தனை மீட்டர், எவ்வளவு பணம். சாக்பீஸில் எழுதினாலும் போதும். அளக்க வரும் நாளை முன்னாடியே சொல்லிவிட்டு வாருங்கள், நாங்கள் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொள்கிறோம்.

இதைத் தீர்மானமாகப் போடச் சொல்லி கிராம சபையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதிவேட்டில் ஏற்றியிருக்கிறார்கள். அது தீர்மானமாகும் வரை காத்திருக்க எங்களுக்குப் பொறுமை இல்லை. போன வாரம் பக்கத்துத் தெருவில் வாய்க்கால் வேலைக்குப் பள்ளம் எடுக்க ஆரம்பித்தார்கள். அக்கா மகன் மதிப்பீட்டை வாங்கிவந்து தமிழில் எழுதினான். சார்ட் பேப்பரை மைதா பசை தடவி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினோம். மறுநாள் காலையில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது பார்க்கிறேன், பெரியப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதைப் படித்துக்கொண்டிருக்கிறார். தோளில் வாட்டம் பார்க்கிற, தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் தொங்குகிறது.